இன்னொரு வால்வு போடுவதற்கு முன்னால்

திருகோணமலை பாலையூற்றில் சனிக்கிழமை பின்னேரங்களில் நாங்கள் ஐந்து பேர் கூடி வாசிப்போம். வீடு ஒரு பறங்கி அண்ணாவுடையது. அவருடைய அப்பா காலத்திலிருந்தே சுவரில் வயலினும் கிட்டாரும் தொங்குகிற வீடு, அதனால் பைலாவும் கஃப்ரிஞ்ஞாவும் தவறாமல் வரும், நடுவில் எனக்காக ஒரு மெதுவான பாட்டையும் விட்டுத்தருவார்கள். அந்தப் பாட்டில் ஒரு சுரத்தை இழுத்துப் பிடித்து வைத்திருக்கிற இடம் ஒன்று இருக்கிறது. மூன்றாம் கம்பி, பன்னிரண்டாவது ஃப்ரெட், முழுதாக நான்கு பார் (தாள வட்டம்) நிற்கவேண்டும். என் கிட்டாரில் இரண்டாவது பாருக்குள்ளேயே அது அடங்கிவிடும், மிச்ச இரண்டு பாருக்கும் அண்ணாவின் வயலின்தான் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

குறை விரலில் இல்லை, இரண்டு வருடத்துக்கு முன்னால் நான் கட்டிய ப்ரீஆம்பில், அதாவது கிட்டாரின் சின்னச் சிக்னலைப் பவர் ஆம்புக்கு முன்னால் பெருக்குகிற பெட்டியில் இருந்தது. ஒரே ஒரு 12ஏஎக்ஸ்7 வால்வு (பழைய றேடியோக்களில் இருக்கிற கண்ணாடிக் குழாய்), அதற்குள் சிக்னலைப் பெருக்குகிற இரண்டு ட்ரையோட், ஆகவே இரண்டு பெருக்கல் ஸ்டேஜ். முதல் ஸ்டேஜுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே ட்ரெபிள், மிட், பாஸ் என்று மூன்று குமிழ், கடைசியில் வால்யூம், அங்கிருந்து ஒரு ட்ரான்சிஸ்டர் பவர் ஆம்பும் 12 அங்குல ஸ்பீக்கரும். கிளீன் சத்தம் அவ்வளவு வடிவு, கோயில் மணியைத் தட்டிவிட்டு விட்டது மாதிரி. ஆனால் எல்லாவற்றையும் பத்துக்குத் திருகினாலும் சத்தம் கூடுமே தவிர உடையாது.

எனக்கு வேண்டியிருந்தது அந்த உடைதல்தான், அதைத் தருகிற பெருக்கத்தைத்தான் கெய்ன் என்கிறேன். சத்தம் வேறு, அது வேறு. வால்வை அதன் எல்லைக்கு மேலே தள்ளும்போது அலையின் தலை தட்டையாகிறது. அப்படித் தட்டையான பிறகு கம்பியின் அதிர்வு பாதியாகக் குறைந்தாலும் வெளியே வருகிற அலையின் உயரம் கிட்டத்தட்ட அப்படியே நிற்கும், அதனால்தான் சுரம் நீளுகிறது. எனக்கு மெட்டல் வாசிக்கிற எண்ணம் இல்லை. அந்த நான்கு பார் போதும்.

கேட்டவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: இன்னொரு வால்வு போடு மச்சான். நானும் அந்த முடிவில்தான் இருந்தேன். ரெசிஸ்டர், கப்பாசிட்டர் எல்லாம் கொழும்புக்குப் போகிற யாரிடமாவது சொல்லிவிட்டால் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கிவருவார்கள், வால்வும் அதன் சொக்கெட்டும்தான் வெளிநாட்டிலிருந்து பார்சலில் வரவேண்டும். பணம் கட்டுவதற்கு முதல்நாள், எதற்கும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு டவுனில் றேடியோ திருத்துகிற ஐயாவிடம் போனேன்.

ஐயா கிட்டார் தொட்டவர் இல்லை. ஆனால் வால்வு அவருக்குக் குடும்பச் சொத்து. அவருடைய தகப்பனார் இங்கே கடற்படைத் தளத்தில் வேலை செய்தவர், 1957 இல் பிரித்தானியர் தளத்தைக் கையளித்துவிட்டுப் போன பிறகு வீட்டு முன்னறையிலேயே றேடியோ திருத்த உட்கார்ந்தவர். அந்த அறையில்தான் இன்றைக்கும் கடை, அந்தக் காலத்து வால்வுகள் ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் பழைய பேப்பரில் சுற்றியபடி இருக்கின்றன. நான் 12ஏஎக்ஸ்7 என்பேன், அவர் ஈசிசி83 என்பார், இரண்டும் ஒன்றுதான், அமெரிக்கப் பெயரும் ஐரோப்பியப் பெயரும். பெட்டியைத் திறந்து பார்த்து அவர் சொன்ன முதல் வசனத்தை அப்படியே எழுதுகிறேன்: “தம்பி, இன்னொண்டு போடுறது பிறகு. இருக்கிறது எங்க கொட்டுப்படுதெண்டு முதல் பாருங்கோ.”

இந்தப் பதிவு முழுக்க அந்த ஒரு வசனத்தின் கதைதான்.

ஆனால் அதற்கு முன்னால் இதைச் சொல்லாமல் போகமுடியாது. வால்வு ப்ரீஆம்புக்குள் இருப்பது 9 வோல்ட் பெடல் இல்லை. என் பெட்டியில் எச்டி வோல்ட்டேஜ், அதாவது வால்வை ஓட்டுகிற உயர் வோல்ட்டேஜ், 285. கரண்டை நிறுத்தி வயரைக் கழற்றிய பிறகும் ஃபில்டர் கப்பாசிட்டர்கள் அதைப் பிடித்துவைத்திருக்கும், சிலவேளை மணிக்கணக்காக. 10 கே (கிலோஓம்), 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரண்டு பக்கமும் கிளிப் வயர் பற்றவைத்து வைத்திருக்கிறேன், அதைக் கப்பாசிட்டருக்குக் குறுக்கே கொழுவி, பிறகு மீட்டரை வைத்துப் பார்த்து, வோல்ட் முற்றாக இறங்கினதைக் கண்ணால் கண்ட பிறகுதான் விரல் உள்ளே போகும். உயிரோடு அளக்கவேண்டி வந்தால் ஒரு கைதான். ஐயா நான் மீட்டர் பிடிக்கிற போதெல்லாம் மற்றக் கையைப் பொக்கற்றுக்குள் வைக்கச் சொல்லிக்கொண்டே இருப்பார், இரண்டு கையும் உள்ளே இருந்தால் கரண்ட் நெஞ்சுக்குக் குறுக்காகத்தான் போகும் என்பதால். இந்தப் பழக்கம் இல்லாதவர்கள் தயவுசெய்து பெட்டியைத் திறக்கவேண்டாம். கீழே நான் சொல்லப்போகிற பூஸ்டர் பெடல் உங்களுக்குப் போதும்.

சரி, கொட்டுப்படுகிற இடங்கள்.

முதலாவது இடத்தை ஐயா கண்ணை வைத்தே கண்டுபிடித்தார் என்றுதான் சொல்லவேண்டும். வால்வைக் கழற்றி அதன் ஊசிகளைப் பார்த்தார், கறுத்துப்போயிருந்தன. எங்கள் வீடு டச்சு வளைகுடாப் பக்கம், ஜன்னலைத் திறந்தால் கடல். கதவுப் பிணைச்சல் வருடத்துக்கு ஒருதடவை இறுகிப்போகிற வீட்டில் வால்வு சொக்கெட் மட்டும் எப்படித் தப்பும்? ஐசோப்ரொப்பைல் அல்கஹோலும் பல்லிடுக்குப் பிரஷும் வைத்து ஒன்பது துளையையும் துடைத்தோம், தளர்ந்திருந்த கவ்விகளை ஊசியால் மெல்ல நெருக்கினோம். கெய்ன் இதனால் கூடியது என்று சொல்லமாட்டேன், ஆனால் இடைக்கிடை வந்துகொண்டிருந்த கரகரப்பும், சில நாட்களில் காரணமே இல்லாமல் சத்தம் மங்குவதும் அன்றோடு நின்றன. கடலோரத்தில் வால்வு ஆம்ப் வைத்திருக்கிறவர்கள் சர்க்கியூட்டில் கை வைக்க முன்னால் இதைச் செய்யுங்கள். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் ஹோட்டல்களில் வாசிக்கிற நண்பர்களுக்கும் இதையே சொல்லியிருக்கிறேன்.

கரண்டையும் அளக்கச் சொன்னார். நமக்கு 230 வோல்ட் வரவேண்டும், எங்கள் தெருவில் இரவு எட்டு மணிக்கு நான் பார்த்தது 208. அந்த நேரத்தில் வால்வின் ஹீட்டருக்கு 6.3 க்குப் பதிலாக 5.7 தான் போகிறது, எச்டி 258 க்கு இறங்குகிறது. ஹீட்டர் பத்து வீதம் கூடக்குறைய இருக்கலாம், ஆகவே 5.7 என்பது விளிம்பு. இதை அறியாமல் பகலில் ஒரு சத்தத்தையும் இரவில் வேறொரு சத்தத்தையும் கேட்டு ரெசிஸ்டரை மாற்றிக்கொண்டிருந்தால் பைத்தியம்தான் பிடிக்கும். அன்றிலிருந்து எந்த மாற்றத்தையும் பகல் பதினொரு மணிக்குத்தான் கேட்டுப் பார்க்கிறேன், குறிப்புக் கொப்பியில் முதல் வரியாக வரவு வோல்ட்டேஜை எழுதிவிட்டு.

அப்புறம் ஐயா அந்தக் கொப்பியை வாங்கி ஒரு கணக்குப் போட்டார். இரண்டு வருடம் வைத்திருந்தும் நான் போடாத கணக்கு.

கிட்டாரை மிதமாக அடித்தால் வருகிற சிக்னலை 0.1 வோல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12ஏஎக்ஸ்7 இன் பெருக்கல் காரணி 100, உள் எதிர்ப்பு ஏறத்தாழ 62 கே. சிக்னல் வெளியே வருகிற முனையான பிளேட்டில் 100 கே ரெசிஸ்டர் போட்டால் அந்த நூறில் நமக்குக் கிடைப்பது அறுபது மடங்குதான், மிச்சம் வால்வின் சொந்த எதிர்ப்போடு போய்விடும். ஆகவே முதல் ஸ்டேஜைத் தாண்டும்போது 0.1 வோல்ட் 6 வோல்ட் ஆகிறது. நல்லது. அடுத்தது மூன்று குமிழ் இருக்கிற டோன் சர்க்கியூட். அதற்குள் பெருக்குகிற சாமான் எதுவும் இல்லை, ரெசிஸ்டரும் கப்பாசிட்டரும்தான், அதனால் அது வெட்ட மட்டும்தான் செய்யும், அதுவும் கிட்டாரின் உயிர் இருக்கிற நடு அலைவரிசையில் பத்தில் ஒன்பது பங்கை வெட்டிவிடும். 6 வோல்ட் 0.6 ஆகிறது. இரண்டாவது ஸ்டேஜின் கத்தோடில் (எலெக்ட்ரான் புறப்படுகிற முனை) இருப்பது 1.4 வோல்ட், அதாவது சிக்னல் உள்ளே போகிற முனையான கிரிட்டுக்கு 1.4 க்கு மேலே போனால்தான் அலை உடையத் தொடங்கும். 0.6 அதில் பாதிகூட இல்லை. முதல் ஸ்டேஜும் அப்படித்தான், 0.1 வோல்ட்டுக்கு அது ஏன் உடையப்போகிறது?

கணக்கைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. என் ப்ரீஆம்பில் எந்த வால்வுக்கும் உடைகிற அளவு சிக்னலே போகவில்லை. அறுபது மடங்கு பெருக்கி, பத்தில் ஒன்பதைக் கொட்டிவிட்டு, மிஞ்சினதை மறுபடி பெருக்குகிறேன்.

அதுவும் இரண்டாம் தடவை அறுபது மடங்கு பெருக்கவில்லை. இரண்டாவது ஸ்டேஜின் கத்தோட் ரெசிஸ்டர் 1.5 கே, அதற்குக் குறுக்கே பைபாஸ் கப்பாசிட்டர் இல்லை. கட்டும்போது நான் பார்த்த வரைபடத்தில் அப்படித்தான் இருந்தது, ஏன் என்று யோசிக்காமல் விட்டுவிட்டேன். கப்பாசிட்டர் இல்லாவிட்டால் கத்தோட் வோல்ட்டேஜும் சிக்னலோடு சேர்ந்து ஏறி இறங்கும், கிரிட் தள்ளத் தள்ள அது எதிர்த்து நிற்கும், கெய்ன் 61 இலிருந்து 32 க்கு வந்துவிடும். டெசிபெலில் சொன்னால் கிட்டத்தட்ட 6. ஒரு கப்பாசிட்டரைப் பற்றவைத்தால் அந்த ஆறும் திரும்பி வந்துவிடும். முழு ப்ரீஆம்பிலும் இதைவிட மலிவான கெய்ன் எங்கேயும் இல்லை.

கையில் 22 மைக்ரோஃபாரட் இருந்தது, போட்டேன். கெய்ன் வந்தது, ஆனால் ஆறாம் கம்பியைத் தொட்டால் நனைந்த மெத்தையில் அடித்த மாதிரி. பாஸ் அலைக்குத்தான் உயரம் அதிகம், அது முதலில் போய் எல்லையில் முட்டி உடைந்து, மேலே இருக்கிற மெல்லிய சுரங்களையும் தன்னோடு சேர்த்து நசுக்கிவிடுகிறது. இது எனக்கு இந்த நான்கு மாதத்தில் கிடைத்த பெரிய பாடம், ஐயாகூடச் சொல்லவில்லை, ஏனென்றால் றேடியோவில் யாரும் சத்தத்தை வேண்டுமென்று உடைக்கமாட்டார்கள். பாஸை உடைவதற்கு முன்னால் குறைக்கவேண்டும், உடைந்த பிறகு குறைத்துப் பயனில்லை. 22 ஐக் கழற்றிவிட்டு 0.68 மைக்ரோஃபாரட் போட்டேன், மார்ஷல் ஆம்புகளில் வருகிற அதே அளவு. 1.5 கே ரெசிஸ்டரோடு அது 156 ஹெர்ட்ஸில் உயரத் தொடங்கி 300 ஹெர்ட்ஸுக்குப் போகும்போது முழுக் கெய்னுக்குக் கிட்ட வந்துவிடும். ஆறாம் கம்பியின் அடிச் சுரம் 82 ஹெர்ட்ஸ், அதற்குப் பழைய 32 மடங்குதான், லீட் வாசிக்கிற மேல் சுரங்களுக்கு 61. எனக்கு வேண்டியது அதுவேதான்.

இனி டோன் சர்க்கியூட். அதன் குணம் வெட்டுவது, அதை மாற்றமுடியாது, ஆனால் எங்கே நின்று வெட்டவேண்டும் என்பதை மாற்றலாம். பெண்டர் கம்பனியின் பல ஆம்புகளில் அது முதல் ஸ்டேஜுக்கு அடுத்ததாகவே இருக்கும், கிளீனுக்கு அது நல்லது. அதே பெண்டர் 1950களின் கடைசியில் செய்த பாஸ்மேனில் அது ஸ்டேஜுகள் எல்லாம் முடிந்த பிறகு வருகிறது. 1962 இல் லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் முதல் ஆம்பைக் கட்டியவர்கள் அந்த பாஸ்மேனைப் பார்த்துத்தான் கட்டினார்கள், அதனால் மார்ஷலிலும் அது கடைசியில் இருக்கிறது. இந்த இரண்டு குடும்பத்துக்கும் சத்தத்தில் இருக்கிற வித்தியாசத்துக்கு இந்த இடமாற்றமும் ஒரு காரணம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து மூன்று குமிழையும் கழற்றி இரண்டாவது ஸ்டேஜின் பிளேட்டுக்குப் பிறகு கொண்டுபோனேன். முதல் ஸ்டேஜுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே இப்போது ஒரு கப்பாசிட்டரும் 1 மெக் (மெகாஓம்) கெய்ன் குமிழும் மட்டும். அந்த 6 வோல்ட் நேரே இரண்டாவது கிரிட்டில் போய் விழுகிறது, எல்லை 1.4, நான்கு மடங்குக்கும் மேலே. கடைசியில் டோன் சர்க்கியூட் பத்தில் ஒன்பதை வெட்டினாலும் இப்போது கவலை இல்லை, உடைந்து வந்த அலை பிளேட்டில் பத்துக்கணக்கான வோல்ட் இருக்கிறது, என் பவர் ஆம்புக்கு ஒரு வோல்ட் போதும். நட்டம் அதேதான், நட்டப்படுகிற இடம்தான் மாறியது.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்து, “என்ன, வேற கிட்டாரா?” என்று கேட்டா. அதுவே எனக்குப் போதுமான அளவீடு.

இடம் மாற்ற விருப்பமில்லாதவர்களுக்கு ஒரு சின்ன வழி: பெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் மாதிரி மிட் குமிழ் இல்லாமல் 6.8 கே ரெசிஸ்டர் ஒன்று நிலையாகப் போட்டிருக்கிற சர்க்கியூட் என்றால், அந்த இடத்தில் 25 கே குமிழ் ஒன்றைப் போடுங்கள். முழுக்கத் திருகினால் நடு அலைவரிசையும் ஏறும், மொத்தமாக வெட்டுவதும் குறையும். பிளேட் ரெசிஸ்டரை 100 கேயிலிருந்து 220 கே ஆக்குவதையும் பலர் சொல்வார்கள். செய்து பார்த்தேன், கூடினது இரண்டு டெசிபெல் இருந்தால் பெரிது, அலை கொஞ்சம் மங்கலாகவும் ஆகிறது. திரும்ப 100 க்கே வந்துவிட்டேன். உங்கள் ஆம்பின் முதல் இடத்தில் 12ஏஎக்ஸ்7 இல்லாமல் 12ஏவை7 அல்லது 5751 இருந்தால் அது வேறு கதை. 12ஏவை7 இன் பெருக்கல் காரணி 44 தான், 5751 க்கு 70, அங்கே வால்வைக் கழற்றி 12ஏஎக்ஸ்7 ஐச் செருகினாலே கெய்ன் ஏறிவிடும். என்னிடம் இருந்ததே 12ஏஎக்ஸ்7, ஆகவே அந்தக் கதவு எனக்குச் சாத்தியிருந்தது.

இடம் மாற்றிய சந்தோஷம் ஒரு மணி நேரம்தான். ஒரு கோர்டைப் பலமாக அடித்தால் சத்தம் தொண்டையில் அடைத்த மாதிரி நின்று, ஒரு கணம் கழித்து வீங்கித் திரும்பி வந்தது. கப்பாசிட்டர் பழுதென்று நினைத்து இரண்டை மாற்றினேன், பயனில்லை. ஐயாதான் பென்சிலால் படம் கீறிக் காட்டினார். கிரிட்டை அளவுக்கு மீறித் தள்ளி அது பொசிட்டிவ் ஆகிற நேரத்தில் கிரிட் வழியாகவே கரண்ட் ஓடும். அது முன்னால் இருக்கிற கப்பாசிட்டரைச் சார்ஜ் பண்ணிவிடும், அந்தச் சார்ஜ் வடியும்வரை வால்வின் பயஸ் (கிரிட் வழக்கமாக நிற்கிற வோல்ட்டேஜ்) எங்கேயோ கீழே இழுபட்டுக் கிடக்கும், வால்வு பாதி மூடிய கதவு. கப்பாசிட்டர் எவ்வளவு பெரிதோ வடிவதற்கு அவ்வளவு நேரம். என்னிடம் இருந்தது 22 நானோஃபாரட், 1 மெக்கோடு 7 ஹெர்ட்ஸ் வரைக்கும் இறங்கும், கிட்டாருக்கு அது எதற்கு? 2.2 நானோஃபாரட் ஆக்கினேன், இப்போது 72 ஹெர்ட்ஸ், பாஸும் அங்கேயே இறுகுகிறது. கூடவே கிரிட்டுக்கு முன்னால் 220 கே ரெசிஸ்டர் ஒன்று, அந்தக் கிரிட் கரண்டை அடக்குவதற்கு. இதற்கு இன்னொரு பலனும் இருக்கிறது: வால்வின் உள்ளே பிளேட்டுக்கும் கிரிட்டுக்கும் நடுவே இருக்கிற 1.7 பிக்கோஃபாரட், கெய்னால் பெருகி நூறுக்கு மேலே போய்விடும், அதுவும் இந்த 220 கேயும் சேர்ந்து 6 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிற ஈ மொய்க்கிற இரைச்சலைத் தடவிவிடுகிறது. கோர்டு உடனே நிமிர்ந்து நின்றது.

கெய்ன் ஏறினால் உறுமலும் ஏறும், இதற்கு விதிவிலக்கே இல்லை, ஏனென்றால் வால்வுக்கு எது கிட்டார் எது கரண்ட் என்று தெரியாது. என் காதுக்கு ஒரு சுலபமான வழி கிடைத்தது, உங்களுக்கும் உதவும். ஆறாம் கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டைப் பிடித்தால் அது 98 ஹெர்ட்ஸ். உறுமல் அந்தச் சுரத்துக்குக் கிட்ட இருந்தால் 100 ஹெர்ட்ஸ், அதாவது ரெக்டிஃபையருக்குப் பிறகு வருகிறது, ஃபில்டர் கப்பாசிட்டரைப் பாருங்கள். அதற்கு ஒரு ஸ்தாயி கீழே என்றால் 50 ஹெர்ட்ஸ், ஹீட்டர் வயரோ, எர்த் சுற்றோ, கிட்டாரின் பிக்கப்போ. எனக்கு 50. ஹீட்டர் வயர் இரண்டையும் நெருக்கமாக முறுக்கி, பெட்டியின் மூலையோடு ஒட்டி ஓடவிட்டு, இரண்டு பக்கத்திலிருந்தும் 100 ஓம் ரெசிஸ்டர் ஒவ்வொன்றை எர்த்துக்குக் கொடுத்தேன். பெரும்பகுதி போய்விட்டது. பிறகு கெய்னை எட்டுக்கு மேலே திருகினால் கீச்சென்று ஒரு விசில், அது கெய்ன் குமிழுக்குப் போகிற வயர் பிளேட் வயரைத் தொட்டுக்கொண்டு போனதால் வந்தது. அந்த ஒரு வயரை ஷீல்ட் வயராக மாற்றி, ஷீல்டை ஒரு பக்கம் மட்டும் எர்த் பண்ணினேன். வால்வைப் பென்சிலால் தட்டிப் பார்ப்பதையும் மறக்கவேண்டாம், முன்னர் பேசாமல் இருந்த வால்வு கெய்ன் ஏறிய பிறகு வெண்கலக் கிண்ணம் மாதிரி ஒலிக்கும். என்னுடையது ஒலித்தது. பிஸ்கட் தகரத்துக்குள்ளிருந்து ஐயா எடுத்துத் தந்த ஈசிசி83 தான் இப்போது உள்ளே இருக்கிறது. காசு வாங்க மறுத்துவிட்டார், ஒரு கட்டு வெற்றிலையும் பாக்கும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இன்னொரு வால்வு போடுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அதை நான் குறை சொல்ல வரவில்லை. கனமான ரிதம் வாசிக்கிறவர்களுக்கு அது வேண்டும். மார்ஷல் 2203 ஐப் பாருங்கள், முதல் ஸ்டேஜில் 2.7 கேயும் 0.68 மைக்ரோஃபாரட்டும், இரண்டாவது ஸ்டேஜில் 10 கே கத்தோட் ரெசிஸ்டர், பைபாஸ் இல்லை. அந்த 10 கே வால்வைக் கிட்டத்தட்ட உறங்கவைத்துவிடுகிறது, அதனால் அலையின் ஒரு பக்கம் மட்டும் சீக்கிரமே வெட்டுப்படுகிறது, மற்றப் பக்கம் உருண்டையாகவே வருகிறது. அந்த ஆம்பின் கடுகடுப்பு அங்கேதான் பிறக்கிறது. அதற்கு அடுத்து 470 கே ரெசிஸ்டர் இரண்டைப் போட்டு சிக்னலைப் பாதியாக்கித்தான் மூன்றாவது ஸ்டேஜுக்கு அனுப்புகிறார்கள். கவனியுங்கள், கெய்னுக்குப் பெயர்போன ஆம்பிலும் வேண்டுமென்றே கொட்டுகிறார்கள், ஆனால் எங்கே, எவ்வளவு என்று தெரிந்து கொட்டுகிறார்கள்.

நான் அந்தப் பக்கம் போகவில்லை. முன்னால் ஒரு பூஸ்டர் பெடல் வைத்தேன். 20 டெசிபெல் என்றால் பத்து மடங்கு, கிட்டாரின் 0.1 வோல்ட் 1 வோல்ட்டாக உள்ளே போகிறது, பலமாக அடித்தால் முதல் ஸ்டேஜும் எல்லையைத் தொடும். டியூப் ஸ்க்ரீமர் வகைப் பெடல் இருந்தாலும் நல்லது, அதன் டிரைவைக் குறைத்து லெவலை முழுக்க ஏற்றுங்கள், அது பாஸைத் தானே குறைத்து நடு அலைவரிசையை உயர்த்தி அனுப்பும், மேலே நான் கப்பாசிட்டரால் செய்ததை அது வெளியில் நின்றே செய்துவிடுகிறது. பெட்டியைத் திறக்கப் பயப்படுகிறவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம், வெட்கப்பட ஒன்றும் இல்லை. கிட்டாரின் பிக்கப்பைக் கம்பிக்குக் கிட்ட ஒரு மில்லிமீட்டர் உயர்த்தினாலும் வித்தியாசம் கேட்கும், அதற்கு ஒரு ஸ்க்ரூ ட்ரைவர் போதும்.

போன சனிக்கிழமை பெட்டியைப் பாலையூற்றுக்குக் கொண்டுபோனேன். பைலா முடிந்து, தேத்தண்ணி குடித்து, என் பாட்டு வந்தது. கெய்ன் ஆறில், பூஸ்டர் இல்லாமல். மூன்றாம் கம்பி, பன்னிரண்டாவது ஃப்ரெட். இரண்டாவது பார் தாண்டியது, மூன்றாவதும் தாண்டியது, நான்காவதில் விரலை மெல்ல ஆட்டியபோது சுரம் மேல் ஸ்தாயிக்குத் தானாகத் தாவி நின்றது. அண்ணா வயலினை எடுத்துத் தோளில் வைத்தவர் வில்லைத் தொடாமல் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தார்.

பெட்டியின் மூடிக்குள்ளே ஐயா சொன்னபடி ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன், அடுத்த தடவை யார் திறந்தாலும் தெரியட்டும் என்று: வரவு 230, எச்டி 285, பிளேட் 190, கத்தோட் 1.4, ஹீட்டர் 6.3. கீழே திகதியும், பகல் பதினொரு மணி என்றும்.